தடிப்பு

போன நவம்பரில் என் படுக்கையறைக்கு நானே கார்ப்பெட் போட்டேன். நியூ ஜெர்சியில் ஆள் வைத்தால் ஆகும் கூலி ஒரு காரணம். யூடியூப் பார்த்து எதையும் செய்துவிடலாம் என்று நம்பும் என் தொழில்காரர்களின் வியாதி இன்னொன்று.

கார்ப்பெட்டுக்கு அடியில் பேடிங் என்று ஒன்று விரிக்க வேண்டும. நுரைத் துண்டுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்தது, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனம். 6 அடி அகலச் சுருளாக வரும். என் அறை 11 அடி. ஆக நடுவில் ஒரு இணைப்பு விழுந்தே தீரும். இடைவெளி வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றன்மேல் ஒன்றை அரை அங்குலம் ஏற்றி, ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன். மேலே லேசாக மேடு தட்டியது. நடக்க நடக்க அமுங்கிவிடும் என்று விட்டேன்.

டிசம்பரில் அம்மா சுந்தரபாண்டியத்திலிருந்து வந்திறங்கினாள். முதல் ராத்திரி, வெறுங்காலோடு நடந்தவள் அறை நடுவில் நின்றாள்.

"ஏய்யா, இங்கன தடிச்சுக் கெடக்கே. இணைப்ப ஏத்தி வச்சிட்டியா?"

கைத்தறிச் சேலைக்குப் பேர்போன எங்கள் ஊரில் அம்மாவின் வேலை பாவு பிணைப்பது. தறியில் பாவு தீரும்போது கடைசித் துண்டை அறுத்து எறிய மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் ஓடிக்கிடக்கும் அந்தப் பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு சேலைப் பாவுக்கு மூவாயிரத்துக்கும் மேல் வரும். முடிச்சுப் போட்டால் அச்சில் மாட்டும். அதனால் விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, அவ்வளவுதான். சேர்த்த இடம் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது.

அந்தக் கூலியில்தான் என் செமஸ்டர் ஃபீஸ் கட்டினாள். 2006இல் கல்லூரிப் படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதினேன். அப்போது வெட்கம். அவளுடைய விசா படிவத்தில் மறுபடி அதையே நிரப்பியபோது வெட்கம்கூட இல்லை, பழக்கம்.

மறுநாள் பிரித்தோம். ஏறிக்கிடந்த இரண்டு அடுக்கையும் அளவுகோல் வைத்து ஒரே வெட்டாக வெட்டினால் விளிம்புகள் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தும். பிறகு முட்டவைத்து, நீளத்துக்கும் டேப் ஒட்ட வேண்டும். கார்ப்பெட்டிலும் இணைப்பு வருகிற பெரிய அறையென்றால் அது இந்த இணைப்புக்கு நேர்மேலே விழாதபடி அரையடியாவது தள்ளிப் போட வேண்டும். இதெல்லாம் நான் சொல்லச் சொல்ல, தெரிந்த விஷயத்தைக் கேட்பதுபோலத் தலையாட்டினாள்.

"இப்பவும் பிணைக்கப் போறியாம்மா?"

"எங்க? கண்ணு இழைய விட்டுருச்சு. ரெண்டு வருசமாச்சு."

எனக்குத் தெரியாது. போனில் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒட்டிய டேப்பின் மேல் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை ஓட்டினாள். சுவரோரம் ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க ஒரு நூல் எடவெளி இருக்கு. பிரிச்சுப் போடு."

பிரித்துப் போட்டேன்.