கலிம்பொங்கில் கற்ற பாடம்

ஊர் விட்டு ஊர் மாற்றப்படுவது இருப்புப்பாதை ஊழியனுக்குப் புதியதன்று. 2021-ஆம் ஆண்டில் எனக்கு நியூ ஜல்பாய்குரிக்கு மாற்றல் வந்தது. அவ்வூர் மொழி எதுவும் அறியாத என் மனைவிக்கு முதன்முதல் வாய்த்த துணை, அடுத்த வீட்டு நேப்பாளி அம்மையார் ஒருவர். அவருடைய கணவர் ஓய்வு பெற்று அவர்கள் சொந்த ஊருக்குப் புறப்பட்ட அன்று, ஓர் ஆர்க்கிட் செடியை நினைவுப் பொருளாகக் கொடுத்துச் சென்றார். மரப்பட்டைத் துண்டுகளும் பாசியும் நிரம்பிய சிறு தொட்டியில், விரற்பருமனில் ஏழெட்டுத் தண்டுகள். டென்ட்ரோபியம் நோபிலே என்பது அதன் பெயர். சிக்கிமின் மாநில மலரும் அதுவே.

2023 பங்குனியில் அது பூத்தது. இலையுதிர்ந்த தண்டுகளின் கணுதோறும் வெண்மையும் ஊதாவும் கலந்த மலர்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கருஞ்சிவப்புப் பொட்டு. மலர்கள் உதிர்ந்தபின், மொட்டையாக நின்ற தண்டுகளை வெறுங்குச்சிகள் என்று எண்ணினேன். ஒரு ஞாயிறன்று அடியோடு நறுக்கிக் குப்பையில் இட்டேன். இரண்டு இளந்தளிர்களே எஞ்சின. கடைக்குச் சென்று திரும்பிய மனைவி, "பச்சைத் தண்டுகளாயிற்றே! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டு செடி பூக்கவில்லை. அப்போதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே என்னைக் கலிம்பொங்குக்கு அனுப்பியது.

2024 சித்திரையில் புறப்பட்டேன். சிலிகுரியிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சேவோக்கை அடைந்ததும் மலைகள் இருபுறமும் நெருங்குகின்றன. நடுவே டீஸ்டா நதி. அதன்மேல் 1941-இல் கட்டி முடிக்கப்பட்ட முடிசூட்டு விழாப் பாலம் ஒற்றை வளைவாக நிற்கிறது. முகப்பில் சிலைகளாக அமர்ந்துள்ள விலங்குகளை வைத்து மக்கள் அதனைப் 'புலிப்பாலம்' என்றே அழைக்கின்றனர். இந்நதியோரம் 1915 முதல் சிறு இரயில் ஒன்று ஓடியது. 1950-ஆம் ஆண்டு வெள்ளம் அப்பாதையை அழித்தது. பின்னர் அது மீண்டும் போடப்படவில்லை. 2023 அக்டோபர் வெள்ளம் கொணர்ந்த மணலும் பாறையும் நான் சென்றபோதும் கரையெங்கும் கிடந்தன. டீஸ்டா பஜாரில் ஆற்றைக் கடந்து, வளைந்து வளைந்து ஏறினால், சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் கலிம்பொங் நகரம். மலர்ப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்.

பண்ணை ஒன்றில் முதிய தோட்டக்காரர் ஒருவரைக் கண்டேன். எனக்குத் தெரிந்த இந்தியில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. "வெட்டிய தண்டுகள் எங்கே, பாபு?" என்றார். எறிந்துவிட்டேன் என்றேன். "ஈரப்பாசியின்மேல் கிடத்தியிருந்தால் கணுக்களில் குட்டிகள் முளைத்திருக்குமே" என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

பிறகு கண்ணாடிக் கொட்டகைக்குள் அழைத்துச் சென்று, மூன்று வகைச் செடிகளைக் காட்டினார். நீண்ட இலைகளையுடைய சிம்பிடியத்தில் ஒருமுறை பூத்த காம்பு மறுமுறை பூக்காது. அதனை அடியில் வெட்டிவிடலாம். ஆனால் இலை உதிர்ந்த பழைய கிழங்குகளில் உணவு சேர்ந்திருப்பதால் அவற்றைத் தொடலாகாது. பட்டாம்பூச்சி போன்ற மலருடைய ஃபலனாப்சிஸின் காம்பு பச்சையாக இருந்து, செடியும் வலுவாக இருப்பின், கீழிருந்து இரண்டாம் அல்லது மூன்றாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். சில வாரங்களில் அக்கணுவிலிருந்து புதுக்கிளை தோன்றிப் பூக்கக்கூடும். காம்பு மஞ்சளித்தாலோ, செடி நலிந்திருந்தாலோ அடியோடு நீக்குவதே நன்று. நோபிலேயில் வாடிய மலரின் சிறு காம்பை மட்டும் கிள்ளவேண்டும். தண்டை விட்டுவிட வேண்டும். இலையற்ற தண்டே அடுத்த தளிருக்கு ஊட்டம் தருகிறது. சுருங்கிப் பழுப்பேறி முற்றும் காய்ந்தபின்னரே அதனை வெட்டலாம். குளிர்காலத்தில் நீரைக் குறைக்கவேண்டும்; தாராளமாக ஊற்றினால் மொட்டுக்குப் பதில் குட்டிச்செடிகளே வரும்.

ஒவ்வொரு செடியை வெட்டிய பின்னும் அவர் கத்தியை நெருப்பில் காட்டினார். ஒரு செடியின் சாற்றிலுள்ள வைரஸ் நோய் கத்தி வழியே மற்றொன்றுக்குப் பரவுமாம், அதற்கு மருந்தில்லையாம். நான் ஞாயிற்றுக்கிழமை எடுத்த கத்தரிக்கோல், அதற்கு முன் எதை நறுக்கியதோ!

விடைபெறுகையில் புதுச்செடி ஒன்று விலைக்குக் கேட்டேன். "முதலில் வீட்டிலுள்ளதைப் பாருங்கள், பாபு" என்று மறுத்துவிட்டார்.

எஞ்சிய தளிர்கள் இரண்டும் அவ்வாண்டு மழையில் தடித்துயர்ந்தன. அவற்றினடியில் மேலும் ஒன்று எழுந்தது. கார்த்திகை முதல் நீரைக் குறைத்தோம். 2025 பங்குனியில் ஒரு காலை மனைவி என்னை எழுப்பி, சன்னலருகே அழைத்துச் சென்றாள். ஒரே தண்டில் ஐந்து மொட்டுகள். அன்றே அந்த அம்மையாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னாள். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தனர்.

மாற்றலாகிச் செல்வோர் பூ உதிர்ந்த தொட்டிகளைப் பழைய வீட்டிலேயே விட்டுவிடுவது வழக்கம். அன்பர்கள் அவ்வாறு விடுமுன் தண்டை ஒருமுறை நகத்தால் கீறிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். உள்ளே பசுமை தெரிந்தால், அதற்கும் பயணத்தில் ஓரிடம் அளியுங்கள்.