ஜெய்ப்பூரில் ரஜாய் ஜாக்கெட் வாங்கப் போறீங்களா? உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க!

டிசம்பரில் ஜெய்ப்பூரின் பகல் வெயிலை நம்பி ஸ்வெட்டரை அறையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவோம். பொழுது சாய்ந்ததும் குளிர் பிடித்துக்கொள்ளும். ஜோஹ்ரி பஜாரில் தொங்கும் பூப்போட்ட ரஜாய் ஜாக்கெட் பக்கம் கை தானாகப் போகும்.

ரஜாய் என்பது பஞ்சு வைத்த மெல்லிய போர்வை. இரண்டு காட்டன் துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, வரிசை வரிசையாக நூலோட்டியிருப்பார்கள். நகரை ஒட்டிய சாங்கானேர், மரக்கட்டை அச்சுக்குப் பேர்போன ஊர். அந்தப் பூக்களைத்தான் ரஜாயிலும் அதிகம் பார்க்கலாம்.

இந்த ஜாக்கெட்டின் கட்டிங் ரொம்ப எளிது. முதுகுக்கு ஒரு துண்டு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு. துணி தடிமன் என்பதால் டாட் பிடித்தால் மொத்தையாகிவிடும். தொளதொளவென்று இருப்பது அதனால்தான். (நம்ம ஊர் டைலர் "சைடு பிடிக்கட்டுமா?" என்பார். வேண்டாம் என்றுவிடுங்கள்!)

விஷயமே ஓரத்தில்தான் இருக்கிறது. துணியை வெட்டும்போது ரஜாயின் நூலோட்டமும் அறுபடும். அப்படியே விட்டால் நூல் உருவி, பஞ்சு எட்டிப்பார்க்கும். கவனமான டைலர், வெட்டும் கோட்டை ஒட்டி ஒரு தையல் போட்டுவிட்டுத்தான் கத்தரி வைப்பார். பிறகு உள்தையல் முழுவதையும் கிராஸ் பீஸ் வைத்து மூடுவார். இப்படித் தைத்ததைத் திருப்பியும் போடலாம், ஒரே விலையில் இரண்டு ஜாக்கெட்!

வாங்கும்முன் அக்குள் பக்கத் தையலைப் பாருங்கள். பிசிறு தெரிந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஊருக்கு வந்து தைப்பதென்றால் சிங்கிள் பெட் ரஜாய் ஒன்று போதும். வெட்டும்முன் ஒருமுறை அலசிக் காயப்போடுங்கள், காட்டன் சுருங்கும்.