குறை சொல்லும் ‘தகுதி’

சி.ஏ. தேர்வில் தேறியவர் ‘குவாலிஃபைடு’. அவரே ஒரு கம்பெனியின் கணக்கில் குறை கண்டு எழுதும் தணிக்கை அறிக்கையும் ‘குவாலிஃபைடு’தான்.

மொழிபெயர்ப்பாளர் சறுக்குவது இங்கேதான். பக்கம் அச்சுக்குப் போகும் அவசரத்தில் ‘தகுதியான அறிக்கை’ என்று எழுதிவிட்டால் போச்சு. ஓய்வூதியப் பணத்தைப் பங்குகளில் போட்டவர் அதை நற்சான்று என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குவார். தணிக்கையாளர் சொன்னதோ வேறு: ‘மற்றதெல்லாம் சரி, இந்த ஒன்றை ஏற்பதற்கில்லை.’ 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, அதற்கு இயக்குநர் குழு விளக்கம் தந்தாக வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இன்ன தன்மையது’ என்று குறிப்பது. ஆளுக்கு அது தகுதி. கருத்துக்கோ, நம் இலக்கணத்தின் அடைமொழி மாதிரி, ஒரு வரம்பு. ‘நிபந்தனையுடன் கூடிய’ என்றால் ஓரளவு ஒட்டும். தணிக்கைக்கு ‘ஆட்சேபக் குறிப்புள்ள’ என்பதே தெளிவு.

‘அன்குவாலிஃபைடு’ இன்னும் வம்பு. டாக்டர் என்றால் போலி. தணிக்கை அறிக்கை என்றால் அப்பழுக்கில்லாதது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பெற்றுவந்ததும் அதைத்தான் - கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் ரூ. 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7-ல் கடிதம் எழுதும்வரை.