கண்ணுக்குத் தெரியாத மேலாடை

காரின் மேனியில் பளபளக்கும் வண்ணம் எத்துணை மெல்லியது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற மேற்பூச்சு ஆகிய அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. முன்னே செல்லும் லாரியின் சக்கரம் தெறித்துவிடும் சரளைக் கல்லுக்கு அது எம்மாத்திரம்? கல் பட்ட இடத்தில் வண்ணம் உதிரும். அங்கே நீர் புகும். பின்னர் துருவுக்குக் கேட்க வேண்டுமா?

இதற்கெனவே நிறமற்ற ஒட்டுப் படலம் ஒன்று விற்கப்படுகின்றது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகளை மணலும் சிதறல்களும் அரித்தமையால், அவற்றைக் காக்கப் பிறந்தது இது என்பர். பாலியூரித்தேன் என்னும் பொருளாலாகிய நல்ல படலம் 200 மைக்ரான் அளவில், வண்ணத்தைவிடவும் தடித்திருக்கும். அதன்மேல் விழும் நுண்கீறல்கள் வெயிலின் சூட்டில் தாமே மறைவதும் உண்டு. பி.வி.சி.யால் ஆனவை மலிவு. ஆனால் விரைவில் மஞ்சளித்து இறுகிவிடும்.

என் தமக்கை மகன் கடன் வாங்கி, ஒருவர் ஓட்டிய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். கார் முழுமைக்கும் படலம் ஒட்டக் கடையில் கேட்ட தொகை அவனது ஆறு மாதத் தவணையைத் தாண்டியது. "நாமே ஒட்டிவிடுவோம், மாமா, முன்மூடிக்கு மட்டுமாவது போதும்" என்று ஒரு சுருளுடன் பங்கு இல்லத்திற்கு வந்து சேர்ந்தான்.

முன்மூடியை மாலை வெயிலில் சாய்ந்து நோக்கினேன். பக்கத்துத் தகட்டின் நிறத்தோடு அது ஒத்துவரவில்லை. ஓரத்து ரப்பரிலும் வண்ணத் துளிகள் படிந்திருந்தன. எப்பொழுதோ இடிபட்டு மறுபூச்சுப் பெற்ற மூடி அது, விற்றவர் சொல்லாதது. தொழிற்சாலைப் பூச்சு தகட்டை உறுதியாகப் பற்றியிருக்கும். பட்டறைப் பூச்சை அவ்வாறு நம்புவதற்கில்லை. படலத்தை என்றேனும் உரிக்கையில் வண்ணமும் உடன் உரிந்து வரலாம். இதனைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. வாழ்வாதாரமாக வாங்கிய பொருளில் இப்படியொரு மறைப்பு இருந்ததென அறிவது எளிதன்று. சற்று நேரம் அவன் பேசவில்லை.

பின்னர் வேறிடங்களைத் தேர்ந்தோம். கதவின் விளிம்புகள், நகம் பட்டுக் கீறும் கைப்பிடிக் குழிகள், பயணிகள் பெட்டியை இழுத்து ஏற்றும் பின்பக்க மேல்விளிம்பு. வாடகைக் காருக்கு அடிபடுவது இவ்விடங்களே. புதிதாகப் பழகுவோர்க்கும் வளைவு மிகுந்த பம்பரைவிட இவையே ஏற்றவை.

நிழலில், காற்றடிக்காத இடத்தில், தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். காரைக் கழுவி, சுத்தம் செய்யும் களிமண் கட்டியால் தேய்த்து, ஸ்பிரிட் கொண்டு துடைத்தோம். தாளில் அளவு மாதிரி வெட்டி, அதன்படி மேசைமேல் படலத்தை நறுக்கினோம். காரின்மீது வைத்துப் பிளேடால் அறுப்பது வண்ணத்தையே அறுப்பதாகும். மூலைகளை வட்டமாக்கினால் பின்னர் அவை எழும்பா.

நீரில் சில துளி குழந்தை ஷாம்பு கலந்து, ஒட்டவேண்டிய இடத்திலும், பசைப் பக்கத்திலும், விரல்களிலும் தாராளமாகத் தெளிக்க வேண்டும். ஈரம் உள்ளவரை படலம் வழுக்கும்; நகர்த்திச் சரிசெய்யலாம். பின்பு ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீரைத் தள்ள வேண்டும். குருமடத்தில் நூற்கட்டு பயின்றபோது, பசை தடவிய அட்டைத்தாளின் காற்றை இவ்வாறே நடுவிலிருந்து வெளியேற்றுவோம். கை அதை மறக்கவில்லை! ஓரம் பிடிக்க மறுத்தால், ஸ்பிரிட் கலந்த நீரைப் பசைப்பக்கம் சிறிது தெளித்து, ஈரம் வடிந்தபின் அழுத்தினால் பற்றிக்கொள்ளும். விளிம்பை மடிக்கச் சிறு சூடு போதும்.

உள்ளே தங்கும் நீர்க்குமிழிகள் சில நாட்களில் உலர்ந்து மறையும். தூசி மறையாது, ஒரு கதவின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் இன்றும் உள்ளன. ஒரு வாரம் காரைக் கழுவலாகாது என்று சொல்லி அனுப்பினேன்.

முன்மூடியை அப்படியே விட்டுவிட்டான். மீந்த சுருளைத் திருப்பிக் கொடுத்துப் பெற்ற தொகையுடன் கொஞ்சம் சேர்த்து, தேய்ந்திருந்த முன்சக்கரம் ஒன்றிற்குப் புது டயர் போட்டிருக்கிறான்.