எல்லை கடந்த கார்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்து செல்பவனுக்கு எல்லை ஒன்று இருப்பதே தோன்றாது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் கொள்வினை கொடுப்பினைக்கு எல்லை ஏது? காருக்கு மட்டும் உண்டு என்பதை அண்மையில் கற்றேன்.

என் மகன் ஆசைப்பட, என் பெயரில் வாங்கிய ஜப்பானிய வண்டி அது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதைக் கொண்டு காற்றை அமுக்கி இயந்திரத்துள் செலுத்துவதே டர்போ. மகனோ அவ்வழுத்தத்தை இன்னும் உயர்த்தி, சைலன்சரையும் மாற்றியிருந்தான். வேகம் கூடிற்று, வெப்பமும் தேய்மானமும் உடன் கூடின.

பின்னர் அவன் கனடாவுக்குச் சென்றான். "விற்றுவிடுங்கள் அப்பா. மாற்றங்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்" என்றான்.

மார்த்தாண்டத்து இளைஞர் ஒருவர் தந்தையுடன் வந்தார். வண்டியின் முழக்கத்தில் மயங்கி, அவர் ஒன்றும் கேட்கவில்லை. தந்தையோ, "அண்ணாச்சி, எனக்கு இவன் ஒரே பிள்ளை. வண்டி நல்லதுதானே?" என்றார். அதற்குமேல் நான் வாய் மூடியிருப்பது எங்ஙனம்?

உள்ளதை எல்லாம் சொன்னேன். தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் சொன்னேன். இளைஞரின் முகம் வாடிற்று, இருவரும் போய்விட்டனர். பரண்மேல் கிடந்த பழைய சைலன்சரைப் பூட்டி, அழுத்தத்தையும் முன்போல் குறைக்கச் செய்தேன். ஒரு வாரம் கழித்து அவர்களே திரும்பி வந்தனர். கேட்ட விலையில் கணிசமாகக் குறைத்தே கொடுத்தேன்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் வண்டிக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்துக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஊர்விட்டு ஊர் பெயரும் நம்மவர்கள், சாவியைக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடலாகாது.

நட்டத்தைக் கேட்ட மகன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லதுதான் அப்பா" என்றான். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.