கண்ணுக்கு வைத்தியம், காலுக்கு?

அக்டோபர் 9

முதுமையில் பார்வை மங்கினால் கண்ணுக்கு மட்டும் வைத்தியம் தேடுகிறோம். கூடவே கெட்டுப்போவது கால். படி எங்கே முடிகிறது, தரை எங்கே ஈரம் என்று தெரியாதவர் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் குறையத் தொடைத் தசை வற்றுகிறது, நிற்பதே தள்ளாட்டமாகிறது. பிறகு சர்க்கரை ஏறுவதும் இடுப்பெலும்பு முறிவதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நோய்கள்போல வெவ்வேறு சீட்டுகளில் ஏறுகின்றன. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயது தாண்டிய 306 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. முதல் கண்ணின் புரையைச் சுமார் ஒரு மாதத்தில் எடுத்துக்கொண்டவர்கள், ஓராண்டு காத்திருந்தவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாக விழுந்தார்கள். ‘புரை முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் நம் வீடுகளுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

அக்டோபர் 10

ஆனால் பார்வை திருந்தினால் எல்லாம் திருந்திவிடும் என்பவர்களுக்குச் சிட்னி இடம் கொடுக்கவில்லை. அங்கே 2007இல் வெளியான ஆய்வில், வயதான தளர்ந்தவர்களுக்குக் கண்ணைச் சோதித்து, வேண்டியவர்களுக்குப் புதுக் கண்ணாடியும் கொடுத்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேர் ஆண்டுக்குள் ஒருமுறையாவது விழுந்தார்கள். இவை எதுவும் செய்யப்படாத மற்றக் குழுவில் 50 சதவீதம்தான். பவர் வெகுவாக மாறினால் படியின் உயரமும் தூரமும் பழைய கணக்குக்கு வராது, பழக நாளாகும். நன்றாகத் தெரிகிறதே என்ற துணிச்சலும் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம். கண்ணாடி வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. காலுக்கும் அவகாசமும் பயிற்சியும் வேண்டும்.

அப்படியானால் உட்கார வைத்துவிடுவதே பத்திரமில்லையா? பாசத்தோடு வருவதாலேயே இந்த வாதம் வீடுகளில் ஜெயிக்கிறது. உட்கார்ந்தவர் இன்று விழமாட்டார். கழிவறைக்கு எழுந்தே ஆக வேண்டிய இரவில் தாங்குவதற்குத் தசை இருக்காது. நியூசிலாந்தில், பார்வை மிகவும் குன்றிய 75 வயதுக்கு மேற்பட்ட 391 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு பகுதியினருக்கு ஆளை விட்டுவிட்டு வீட்டைத் திருத்தினார்கள். நழுவும் மிதியடியை எடுத்தார்கள், படி விளிம்புக்கு வண்ணம் அடித்தார்கள், கைப்பிடி வைத்தார்கள், வெளிச்சத்தைக் கூட்டினார்கள். விழுவது 41 சதவீதம் குறைந்தது. அதே ஆய்வில் வேறு சிலருக்குக் கொடுத்த உடற்பயிற்சித் திட்டத்தால் மொத்தத்தில் அப்படிக் குறையவில்லை. விடாமல் செய்தவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. வயதானவரின் மனஉறுதியை நம்பி நிற்கும் வைத்தியத்தைவிட, ஒருமுறை பொருத்திவிட்டால் நாள்தோறும் உழைக்கும் கைப்பிடியை நான் அதிகம் நம்புவேன். செலவு என்று மறுப்பவர்கள் இடுப்பெலும்பு அறுவைக்கு என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு வரலாம். நம் கண் முகாம்களில் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தனுப்பும்போதே, வீட்டில் எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று இரண்டு கேள்வியைச் சீட்டில் சேர்ப்பதற்குத் தனி நிதி எதுவும் வேண்டியதில்லை.