ஆகாயத்து அலையும் ஆக்கவுரிமையும்

தீவகத்திற் பிறந்தவர்க்கு அலை என்னும் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. வாடைக் காலத்து அலை வேறு, சோளகக் காலத்து அலை வேறு என்பதை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் நிற்கும் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வேறோர் அலையும் எம் தீவுகளைச் சூழ்ந்து நிற்கின்றது. வானொலி நிலையங்களும், தொலைபேசிக் கோபுரங்களும், வீட்டு மூலையில் மினுங்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டிகளும் இரவு பகலாக அவ்வலையை ஆகாயத்தில் வீசிக்கொண்டிருக்கின்றன. அவ்வலையிலும் சக்தி உண்டு. அதனைப் பிடித்து வீட்டுக்கு விளக்கேற்றலாமா? இக்கேள்வி எம் குடும்பத்தினுள்ளேயே எழுந்தமையால், அதுபற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம்.

மின்சாரத்தின் அருமையை எம்மவர் நன்கறிவர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்னும் மூன்றும் தேசிய மின்வலையுடன் இணையாது, டீசல் இயந்திரங்களின் துணையால் ஒளி பெற்றவை. அங்கே வெயிலையும் காற்றையும் சேர்த்து மின்னாக்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சு மாதத்திலேதான் ஒப்பந்தம் கைச்சாத்தானது. குடாநாட்டிலோ, 1990களில் மின்சாரமும் இன்றி, மின்கலத்துக்கும் தடை இருந்த நாட்களில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டவர் பலர். இத்தகைய மண்ணிலே பிறந்த பிள்ளை காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க நினைத்தால் அதில் வியப்பில்லை.

எம் தமக்கையாரின் மகன் நெடுந்தீவிலே வளர்ந்தவன், தொழில்நுட்பம் பயில்பவன். சென்ற ஆண்டு விடுமுறையில் எம்மிடம் வந்தபோது, பன்னிரண்டு பக்கம் எழுதிய ஒரு தாட்கட்டை மேசைமேல் வைத்தான். வானொலி அலைகளை உண்டு மின்சாரம் தரும் கருவி. ஒரு வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் தரும் என்று முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தான்.

"மாமா, காத்திலை கரண்ட் சும்மா கிடக்குது. பிடிக்கத்தான் ஆளில்லை" என்றான்.

முகவர் ஒருவர் இதற்கு ஆக்கவுரிமை நிச்சயம் எடுத்துத் தருவதாக வாக்களித்துப் பெருந்தொகை கேட்டிருக்கிறார். தமக்கையார் தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்க ஆயத்தமாயிருந்தார். விடயம் விளையாட்டன்று என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். பிள்ளையின் ஊக்கத்தைக் குலைக்கவும் மனமில்லை; தமக்கையாரின் சங்கிலி பொய் நம்பிக்கைக்குப் போவதையும் பார்த்திருக்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம் என்றோம். வாசகர்களும், சிறப்பாக மாணவர்களும், தாளும் பென்சிலும் எடுத்துக் கூடவே போட்டுப் பார்க்கலாம். வீட்டு இணையப் பெட்டி வெளிவிடும் அலையின் வலு பெரும்பாலும் ஓர் உவாற்றின் பத்திலொரு பங்கு. அது எல்லாத் திசையிலும் பரவுவதாகக் கொண்டால், ஒரு மீற்றர் தூரத்தில் அவ்வளவும் ஏறக்குறைய பன்னிரண்டரைச் சதுர மீற்றர் பரப்புள்ள கோளமொன்றின்மேற் படிகின்றது. பத்துச் சதமமீற்றர் நீளமும் பத்துச் சதமமீற்றர் அகலமும் உள்ள ஒரு தகட்டை அங்கே பிடித்தால், அதன் பங்குக்கு விழுவது மொத்தத்தில் 1,250இல் ஒன்று. அஃதாவது, ஓர் உவாற்றைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் 80 கூறு. இன்றைய கைத்தொலைபேசியின் மின்கலம் 15 உவாற்று-மணி கொள்ளும். ஒரு துளியும் வீணாகாமற் பிடித்தாலும் அதனை நிரப்ப 21 ஆண்டு செல்லும். நான்கு மீற்றர் தள்ளி வைத்தாலோ பதினாறு மடங்கு நேரம். முந்நூற்று நாற்பது ஆண்டு! தொலைபேசிக் கோபுரம் வலுவிற் பெரிதாயினும், பல நூறு மீற்றர் அப்பால் நிற்பது. தூரம் இரட்டித்தால் வலு நாலிலொன்றாகக் குறைந்துவிடும்.

அதே தகட்டை நெடுந்தீவின் நண்பகல் வெயிலில் வைத்தால் என்ன கிடைக்கும்? சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1,000 உவாற்று வெயில். நூறிலொரு பங்குத் தகட்டில் 10 உவாற்று விழும். சூரியக் கலம் அதில் ஐந்திலொன்றை மின்னாக்கினால் 2 உவாற்று. இணையப் பெட்டியின் அலையிலும் இது இருபத்தையாயிரம் மடங்கு.

பிள்ளை கணக்கை இருமுறை சரிபார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

அப்படியாயின் வானொலி அலையிலிருந்து சக்தி எடுப்பது பொய்யா என்றால், அதுவும் இல்லை. எம் தலைமுறை மாணவர் அறிந்த படிக வானொலி மின்கலமின்றியே பேசும். கம்பிச் சுருள் ஒன்று, நீண்ட வானலைக் கம்பி ஒன்று, நிலத்திற் புதைத்த கம்பி ஒன்று, ஈயக் கந்தகக் கல்லின்மேல் மெல்லத் தொடும் ஊசிக்கம்பி ஒன்று, காதிற் பொருத்தும் கேட்கருவி ஒன்று, இவ்வளவே. வலிய நிலையம் அருகில் இருந்தால், நிலையம் அனுப்பிய சக்தியே காதுக்குள் ஒலியாகும். அந்தக் கல்லின் வரலாற்றிலே எம் துணைக்கண்டத்தார் ஒருவருக்கு முதன்மையான இடமுண்டு. கல்கத்தாவைச் சேர்ந்த ஜகதீச சந்திர போஸ் அவ்வகைக் கல்லைக்கொண்டு அலையை உணரும் கருவிக்கு 1901 செப்டெம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904 மார்ச்சு 29ஆம் நாள் 755,840 என்னும் இலக்கமுள்ள உரிமையைப் பெற்றார். அவரோ அறிவை விலைபேச விரும்பாதவர். நண்பர்களின் வற்புறுத்தலாலேயே விண்ணப்பித்தார். உரிமையிற் பாதி, அவருக்குத் துணைநின்ற சாரா புல் அம்மையாரின் பெயருக்கு எழுதப்பட்டது.

அதே 1901இல் நிக்கலா தெஸ்லா, உயரத்தில் நிறுத்திய தகடொன்றினாற் கதிர்ச் சக்தியைச் சேர்க்கும் கருவிக்கு உரிமை பெற்றார். 1964இல் வில்லியம் பிரவுண் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், தரையிலிருந்து அனுப்பிய நுண்ணலையின் வலுவாலேயே ஒரு சிறு எலிகொப்டரைப் பறக்கவிட்டுக் காட்டினார். அலையை மின்னாக்கும் அவருடைய அமைப்புக்கு 1969இல் உரிமை கிடைத்தது. அங்கே ஒரே திசையிற் குவித்து அனுப்பிய வலிய அலை இருந்தது என்பதை மறத்தலாகாது. 1973இல் மாரியோ கார்டுல்லோ, கேட்கும் அலையின் சக்தியையே உண்டு மறுமொழி கூறும் சிறு கருவிக்கு உரிமை பெற்றார். நூல்நிலையப் புத்தகங்களிலும் கடைப் பொருட்களிலும் இன்று ஒட்டப்படும் மின்கலமற்ற அடையாளச் சில்லுகள் அவ்வினத்தைச் சேர்ந்தவை. ஓர் உவாற்றின் பத்து இலட்சத்திற் பத்துப் பங்கு கிடைத்தாலே அவற்றுட் சில விழித்துக்கொள்ளும்.

இப்பழைய ஆவணங்களையெல்லாம் இன்று எவரும் இலவசமாகத் தேடிப் படிக்கலாம். மூன்று இரவு மாமனும் மருமகனும் அதையே செய்தோம். மூன்றாம் இரவு அவன், "அப்ப எனக்கெண்டு ஒண்டும் மிச்சமில்லையோ மாமா?" என்று கேட்டான். அக்கேள்வியில் இருந்த வாட்டம் எம்மைச் சுட்டது.

ஆக்கவுரிமை என்பது யாது? தமிழ்நாட்டார் இதனைக் காப்புரிமை என்பர். அரசாங்கத்துக்கும் ஆக்கியோனுக்கும் இடையேயான ஓர் ஒப்பந்தம் என்று அதனைக் கொள்ளலாம். நீ கண்டதை ஒளிக்காமல், துறையறிந்த இன்னொருவன் செய்து பார்க்கும் வண்ணம் எழுதிக்கொடு; பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்கு அதனை உன் அனுமதியின்றிப் பிறர் செய்து விற்காதபடி காப்போம் என்கிறது அரசு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதனை ஆள்கின்றது. விண்ணப்பத்தை ஏற்பது கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். உள்நாட்டவர் முகவரின்றித் தாமே விண்ணப்பிக்கவும் இடமுண்டு. ஈண்டுப் பெற்ற உரிமை பாக்குநீரிணையைக் கடவாது. அக்கரையில் வேண்டுமாயின் அங்கும் விண்ணப்பித்தல் வேண்டும்.

பரிசீலிப்பவர் கேட்கும் வினாக்கள் மூன்று. இது புதியதா? துறையறிந்தவனுக்கு எளிதிற் புலப்படாத ஒரு படி இதில் உண்டா? கைத்தொழிலிற் பயன்படக் கூடியதா? இயங்காத கருவி பயன்படாது; ஆகவே இயற்கை விதியை மீறுவதாகச் சொல்லும் விண்ணப்பம் மூன்றாம் வாசலிலேயே நின்றுவிடும். இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டமோ, நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரண்படுவது கண்டுபிடிப்பே ஆகாது என்று மூன்றாம் பிரிவில் எழுதியே வைத்திருக்கின்றது.

சந்தைக்கு இத்தகைய வாசல் இல்லை. 2010 சனவரியில், இணைய அலையைக்கொண்டே கைத்தொலைபேசியை ஒன்றரை மணி நேரத்தில் நிரப்பும் சிறு கருவியொன்றை ஆர்.சி.ஏ. என்னும் புகழ்பெற்ற பெயரில் லாஸ் வேகாஸ் பொருட்காட்சியிற் காட்டினர். பத்திரிகைகள் புகழ்ந்தன. மேலே நாம் போட்ட கணக்கைப் போட்டவர்கள் தலையசைத்தனர். அறிவித்தபடி அக்கருவி வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

பரிசீலகர் என்றால் ஏழையின் கனவை மறுக்கும் உத்தியோகத்தர் என்று எண்ணுவோர் உளர். ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்து ஆக்கவுரிமைக் கந்தோரிலே இந்த வேலையைத்தான் செய்தார். எழுதியவன் சொன்னதை நம்பிவிடாது, கருவியை மனத்தினுள்ளே ஓட்டிப் பார்ப்பதே அவருடைய கடமை. தட்டான் பொன்னை உரைகல்லில் உரைப்பது பொன்மேற் பகையினால் அன்று. ஒருமுறை உரைத்துத் தேறிய பொன்னையே ஊர் நம்பி வாங்கும்.

தமக்கையாரே எமக்கு வழிகாட்டினார். நெடுந்தீவின் நிலம் முழுதும் சுண்ணாம்புக் கல், நன்னீர் மெல்லிய படையாகக் கல்லிடுக்கிலே தங்குவது, கீழே உவர்நீர். சோளகக் காலத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். "தண்ணி உவராப் போச்சுதோ எண்டு வாயிலை விட்டுத்தானே பாக்கிறம். அதைச் சொல்ல ஒரு சாமான் செய்ய ஏலாதோ?" என்று தேநீரை வைத்துக்கொண்டே கேட்டார்.

பிள்ளை நிமிர்ந்து இருந்தான். உப்பு கூடினால் நீர் மின்னைக் கூடுதலாகக் கடத்தும். அதனை அளக்க வேண்டிய சக்தி மிகச் சிறிது. மின்கலம் வைத்தால் உவர்க்காற்று அதனைத் தின்றுவிடும், மாற்றவும் ஆளில்லை. கிணற்றுள் இரு முனைகள், அவற்றிலிருந்து மேலேறும் கம்பி, கிணற்றுக்கட்டில் ஒரு சில்லு. நீருள் அலை செல்லாதாகையாற் சில்லு மேலேதான் இருத்தல் வேண்டும். கையில் வாசிப்புக் கருவியுடன் ஒருவர் அருகே வந்தால், அக்கருவி வீசும் அலையை உண்டு சில்லு விழித்து, அளவைச் சொல்லிவிட்டு மறுபடி உறங்கும்.

இதுவும் முழுவதும் புதியதன்று. மின்கலமற்ற உணரிகள் உலகில் உள்ளன; தேடலில் அவையும் அகப்பட்டன. ஆதலால் அவன் தன் உரிமைக் கோரிக்கையைச் சுருக்கினான். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது முனைகள் எப்போதும் ஒரே ஆழத்தில் நிற்கும்படி தான் அமைத்த மிதவையையும், முனைகளிற் சுண்ணாம்பு படியாமற் காக்கும் உறையையும் மாத்திரம் கோரினான். பன்னிரண்டு பக்கம் ஐந்து பக்கமாயிற்று. வீட்டுக்கு மின்சாரம் என்ற வாக்கியம் போயிற்று. யாரிடமும் விரித்துப் பேசுமுன் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பதை மாத்திரம் வற்புறுத்தினோம். முன்னரே ஊரறிந்தது புதியதென்று நிற்பது கடினம்.

அவனே படிவத்தை நிரப்பிக் கொழும்புக்குச் சென்று கொடுத்துவந்தான். இங்கே எழுதுவதற்கும் சம்மதம் தந்தான். தமக்கையாரின் சங்கிலி கழுத்திலேயே இருக்கின்றது. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, கிடைக்கலாம், மறுக்கப்படலாம். மறுக்கப்படின் காரணம் எழுத்தில் வரும். அதுவும் படிக்க வேண்டிய பாடமே.

கண்டுபிடிக்க விரும்பும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றுண்டு. பரிசீலகர் கேட்கும் அந்த மூன்று வினாக்களையும், அவர் கேட்குமுன் நீங்களே உங்களைக் கேளுங்கள். ஆகாயத்தில் எவ்வளவு உண்டு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால், குறைவால் நிறையும் தேவை எதுவென்று அயலிலே தேடுங்கள். நெடுந்தீவில் இன்று கிணற்றுக்கட்டு ஒன்றிலே ஒரு சில்லு இருக்கின்றது. வரும் சோளகத்தில் நீர் எவ்வளவு உவர்க்கும் என்பதை, வாயில் விடாமலே அந்த வீட்டார் அறிந்துகொள்வர்.